டபிள்யூ 211 ஈ 220 சிடிஐ: கியர்பாக்ஸ் ஆயில் ஒழுகுது, பெட்டியை இறக்கித்தான் ஆகணுமா?

கொங்கு211

வணக்கம்ங்க. 2005 மாடல் பென்ஸ் ஈ 220 சிடிஐ, டபிள்யூ 211, அஞ்சு கியர் ஆட்டோமேட்டிக். ஒரு லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர் தாண்டியாச்சு. நான் மூணாவது ஓனர். கையில இருக்கிற பழைய பில் எதுலயும் கியர்பாக்ஸ் ஆயில் மாத்தினதா இல்லைங்க.

காலையில வண்டியை எடுத்தா போர்ட்டிகோ தரையில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. முன் சீட்டுக்கு நேர் கீழ. தொட்டுப் பார்த்தா செம்பழுப்பு, மெல்லிசா இருக்கு. ஓட்டிட்டு வந்து கடைவீதியில கொஞ்ச நேரம் நிறுத்தினா சொட்டே இல்லை. ராத்திரி முழுக்க நின்னாத்தான் விழுது. கியர் மாறுறதுல குறை ஒண்ணும் தெரியலை, காலையில முதல் தடவை ரிவர்ஸ் போட்டா மட்டும் கொஞ்சம் தயங்கிப் பிடிக்குது.

ஒரு பெரிய சர்வீஸ் சென்டர்ல லிஃப்ட் ஏத்திப் பார்த்தாங்க. முன் சீல் போயிருக்கு, கியர்பாக்ஸை இறக்கணும், இறக்குறதோட இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கிற டார்க் கன்வர்ட்டரையும் மாத்திடலாம்னு எஸ்டிமேட் போட்டுக் குடுத்தாங்க. வண்டியை இன்னிக்கு வித்தா வர்ற காசுல பாதி அதுக்கே போயிரும். எந்த இடத்துல ஒழுகுதுன்னு காட்டுங்கன்னு கேட்டேன். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற பெல் ஹவுசிங் பக்கம் டார்ச் அடிச்சாங்க. அங்க எல்லாமே நனைஞ்சுதான் கிடக்குதுங்க. கியர்பாக்ஸ் அடியில இருக்கிற ஆயில் பேனும் நனைஞ்சிருக்கு, பின்னாடி குறுக்குச் சட்டமும் நனைஞ்சிருக்கு.

இறக்கித்தான் ஆகணுமுங்களா?

டீசல்பித்தன்

இறக்காதீங்க ப்ரோ. இது பென்ஸோட 722.6 மாடல் கியர்பாக்ஸ் பெட்டி. நூத்துக்கு நூறு 13 பின் கப்ளர்தான். கியர்பாக்ஸ் பாடியில ஒயரிங் உள்ள போற இடத்துல ஒரு பிளாஸ்டிக் புஷ் இருக்கும், அதுல ரெண்டு ஓ-ரிங். வருஷக்கணக்கா சூடு பட்டுக் கல்லா போயிருக்கும். அதை மாத்துங்க, கதை முடிஞ்சது.

சும்மாஊத்து

20 வருஷ வண்டி சார். ஒரு ஸ்டாப் லீக் டப்பா வாங்கி ஊத்திட்டு ஓட்டுங்க. என் பழைய கரோலாவுக்கு அப்படித்தான் செஞ்சேன், இன்னும் ஓடுது.

எழுபதுநியூட்டன்

ஸ்டாப் லீக் வேண்டாம். அந்த மருந்து ரப்பரைக் கொஞ்சம் ஊதவைத்துக் கசிவை அடைப்பதற்காகச் செய்தது. கசிகிற ரப்பர் மட்டுமில்லை, பெட்டிக்குள் நன்றாக இருக்கிற ரப்பரும் சேர்ந்துதான் ஊதும். இந்தப் பெட்டியில் டார்க் கன்வர்ட்டரின் லாக்-அப் கிளட்ச் முழுதாகப் பிடித்து நிற்பதில்லை, பெரும்பாலும் லேசாகச் சறுக்கிக்கொண்டே வேலை செய்யும். அந்தச் சறுக்கலுக்கு ஏற்ற உராய்வுக் குணம் உள்ள எண்ணெயைத்தான் நிறுவனம் எண் போட்டுச் சொல்லியிருக்கிறது. அதில் கண்டதைக் கலந்தால், கசிவு நின்றாலும் அறுபது எழுபது வேகத்தில் லேசாக ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது அதிர்வு ஆரம்பிக்கலாம். கரோலா கணக்கு இங்கே செல்லாது.

டீசல்பித்தன், "நூத்துக்கு நூறு" என்கிறீர்களே, வண்டியைப் பார்த்தீர்களா? 722.6-இல் கப்ளர் கசிவு மிகப் பொதுவானது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியில் எண்ணெய் வெளியே வரக்கூடிய இடம் அது ஒன்றுதானா? பேன் கேஸ்கெட், ஃபில்லர் ட்யூப் பெட்டியில் இறங்கும் இடத்து ஓ-ரிங், கியர் செலக்டர் ஷாஃப்ட் சீல், எண்ணெயைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும் கூலர் லைனின் பான்ஜோ போல்ட் வாஷர், அதே லைனில் இரும்புக் குழாயும் ரப்பர் ஹோஸும் சேரும் கிரிம்ப் (நசுக்கி இறுக்கிய இணைப்பு), பின்னால் அவுட்புட் சீல், முன்னால் பம்ப் சீல் (சர்வீஸ் சென்டர் சொன்ன முன் சீல்). கடைசியாகச் சொன்னதற்கு மட்டும்தான் பெட்டியை இறக்க வேண்டும். மற்றதெல்லாம் வண்டிக்கு அடியில் படுத்தே முடிக்கிற வேலை.

சர்வீஸ் சென்டர் பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. பம்ப் சீலும் போகும். ஆனால் எல்லாம் நனைந்திருக்கிற வண்டியில் டார்ச் அடித்து "இதுதான்" என்று யாராலும் சொல்ல முடியாது. ஓடும்போது காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும், நிற்கும்போது அது கீழே இறங்கும். ஆகவே சொட்டுகிற இடம் கசிகிற இடமாக இருக்காது. ஈரம் தெரிகிற இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னே இருக்கிறதோ அதுதான் சந்தேகத்துக்குரியது. அதைக் கண்டுபிடிக்க முதலில் கழுவ வேண்டும். கழுவாமல் போட்ட எஸ்டிமேட்டுக்கு நான் மதிப்புக் கொடுக்க மாட்டேன்.

டீசல்பித்தன்

சரி அண்ணே, தொண்ணூறு. 😀

ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, ஓட்டும்போது சொட்டலை, நிறுத்தி வெச்சாத்தான் சொட்டுதுன்னு சொல்றாரு. இன்ஜின் நின்னதும் மேல சுத்திட்டிருந்த ஆயில் எல்லாம் பேனுக்கு இறங்கி மட்டம் ஏறும், கப்ளர் வாய் வரைக்கும் மூழ்கும். அதான் ராத்திரியில ஒழுகுது.

எழுபதுநியூட்டன்

அது நல்ல கவனிப்பு. ஆனால் கன்வர்ட்டரில் இருக்கும் எண்ணெயும் ராத்திரியில்தான் மெல்ல இறங்கும், அதனால் பம்ப் சீலையும் அது விடுதலை செய்யவில்லை. ஓடும்போது பிரஷர் இருக்கும் கூலர் லைனை வேண்டுமானால் கொஞ்சம் தள்ளி வைக்கலாம்.

கொங்கு211, முதலில் செய்ய வேண்டியது இது. அடியில் இருக்கும் பிளாஸ்டிக் அண்டர்கவரை முழுதாகக் கழற்றிவிடுங்கள், 8 எம்.எம். ஸ்க்ரூதான். அந்தக் கவர் எண்ணெயைத் தேக்கிவைத்து வேறொரு மூலையில் சொட்டவிடும், அதை வைத்துக்கொண்டு எதையும் கண்டுபிடிக்க முடியாது. பிறகு பெட்டி ஆறியபின் பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள். பெல் ஹவுசிங்கின் அடி, பேன் விளிம்பு, கப்ளரைச் சுற்றி, கூலர் லைன் இரண்டும், ஒன்றுவிடாமல். சூடான சைலன்சர் குழாய் பக்கத்தில் கிளீனர் அடிக்காதீர்கள். நன்றாகக் காய்ந்ததும் இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு ராத்திரி நிறுத்துங்கள், கீழே வெள்ளை அட்டை விரியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அடியில் பாருங்கள்.

ஜாக்கில் மட்டும் நிறுத்தி உள்ளே போகாதீர்கள். செங்கல் அடுக்குகிற பழக்கமும் வேண்டாம். ஸ்டாண்டு இல்லையென்றால் பிட் உள்ள ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள்.

பழையதேபோதும்

ஒரு சந்தேகம். ஒழுகுவது கியர்பாக்ஸ் ஆயில்தான் என்று எப்படித் தெரியும்? என் 280 சிடிஐ, வி6, ஓஎம் 642 இன்ஜின். அதில் பெல் ஹவுசிங்கில் சொட்டுவதைப் பார்த்து கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்கச் சீல் என்று முடிவுகட்டி கியர்பாக்ஸை இறக்கினார்கள். சீல் நன்றாக இருந்தது. இன்ஜின் வி நடுவில் இருக்கிற ஆயில் கூலர் சீல் போய், எண்ணெய் இன்ஜினின் முதுகு வழியாக வழிந்து கீழே வந்திருக்கிறது. இரண்டு முறை கூலி கொடுத்தேன்.

எழுபதுநியூட்டன்

ஓஎம் 642-க்கு அது பேர்போன நோய். இவருடையது நாலு சிலிண்டர் ஓஎம் 646, அந்தக் கூலர் அமைப்பு இதில் இல்லை. ஆனாலும் கேள்வி சரியானது. டீசல் வண்டியில் ஒரு சௌகரியம் உண்டு: இன்ஜின் ஆயில் மாற்றிச் சில நாளிலேயே மையாகிவிடும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டால் நடுவில் கரிப்புள்ளி நிற்கும். ஏ.டி.எஃப், அதாவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெய், எவ்வளவு பழசானாலும் பழுப்பாகப் பரவுமே தவிர அந்தக் கரி இருக்காது. பெட்ரோல் வண்டியில், அதிலும் இன்ஜின் ஆயில் புதிதாக இருந்தால், இந்தச் சோதனை அவ்வளவு நம்பகம் இல்லை. சிவப்பு நிறத்தையும் நம்ப வேண்டாம். பத்துப் பதினைந்து வருடம் மாற்றாத ஏ.டி.எஃப் சிவப்பாக இருக்காது.

வெயில் காலத்தில் ஏ.சி தண்ணீரும் அதே நடுப்பகுதியில்தான் சொட்டும். அது எண்ணெயோடு கலந்து தரையில் பெரிய வட்டமாக விரிந்து ஆளைப் பயமுறுத்தும். அட்டை விரிக்கிற அன்று ஏ.சி போடாமல் ஓட்டுங்கள்.

யாழ்கராஜ்

வணக்கம். நான் ஜெர்மனியிலை ஒரு கராஜிலை வேலை செய்யிறன். 722.6 எண்டால் எங்களுக்கு அடிக்கடி வாற பெட்டி. 1996இலை வந்தது, பென்ஸ் 210, 220, 203, 211 மொடல் எண்டு எல்லாத்திலையும் பூட்டினவை. எங்கட இடத்துக்கு வாற 722.6 ஒயில் கசிவிலை கனக்க அந்தப் பிளக்தான், டீசல்பித்தன் சொன்னதிலை பிழை இல்லை.

பிளக் எங்கை இருக்கு எண்டு முதல் பாருங்கோ. வண்டி போற திசையைப் பார்த்து வலப்பக்கம், ஒயில் பேனுக்குக் கொஞ்சம் மேலை. வீடியோக்களிலை பயணிப் பக்கம் எண்டு சொல்லுவினம், அது இடப்பக்க ஸ்டீரிங் வண்டிக்கு. உங்கட இந்திய வண்டிக்கு அது டிரைவர் பக்கம். அதிலையிருந்து வடியிற ஒயில் நேரை பேன் விளிம்பிலை இறங்கி அந்த விளிம்பைச் சுத்தி ஓடும். பாக்கிற ஆள் பேன் கேஸ்கெட் எண்டு நினைச்சு அதை மாத்துவார், கசிவு நிக்காது. உப்பிடிக் கேஸ்கெட் மாத்திப்போட்டு எங்களிட்டை வந்த ஆக்கள் கனபேர்.

இதிலை இன்னொரு சங்கதி இருக்கு, அதுதான் முக்கியம். கசிவு வெளியாலை மட்டும் எண்டால் ஒயில்தான் நட்டம். ஆனால் உந்த ஒயில் பிளக்குக்குள்ளை போய், வயரின்ரை செப்புக் கம்பி இழைகளுக்கு இடையாலை மேலை ஏறும். பெட்டியைவிட உயரத்திலை இருக்கிற கியர்பொக்ஸ் கொம்பியூட்டர் மட்டும் போய்ச் சேரும். அங்கை பின்னுக்குள்ளை ஒயில் நிண்டால் ஸ்பீட் சென்சர் பிழைக் கோட் வரும், வண்டி ரெண்டாம் கியரிலை நிண்டுபோம். ஸ்கானர் போட்ட ஆள் N2, N3 சென்சர் எண்டு வாசிச்சுப்போட்டு உள்ளுக்குள்ளை அந்தச் சென்சர்கள் இருக்கிற கொண்டக்டர் பிளேட்டை மாத்தச் சொல்லுவார். மாத்தினாலும் கோட் திரும்ப வரும், ஏனெண்டால் ஒயில் இன்னும் வயருக்குள்ளை கிடக்கு.

ஆனபடியாலை கீழை பாக்கிறதோடை நிக்காதேங்கோ. கொம்பியூட்டர் பிளக்கையும் கழட்டிப் பாருங்கோ. எங்கட 211இலை பயணியின்ரை காலடியிலை, கார்பெட்டுக்குக் கீழை இருக்கு. வலப்பக்க ஸ்டீரிங் வண்டிக்கு வயரிங் படத்தைப் பாத்து இடத்தை உறுதிப்படுத்துங்கோ. பற்றரி கழட்டாமல் அதிலை கை வைக்க வேண்டாம்.

கொங்கு211

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கம்ப்யூட்டருக்கு ஆயில் ஏறும்னு கேட்டதுல இருந்து தூக்கம் போச்சு.

தெரிஞ்சவர் ஒர்க்‌ஷாப் பிட்டுல கவரைக் கழட்டினோம். கவருக்குள்ளயே ஒரு டம்ளர் ஆயில் தேங்கிக் கிடந்ததுங்க. கழுவி, காய வெச்சு, பொள்ளாச்சி வரை ஓட்டிட்டு வந்து நிறுத்தினேன். வெள்ளைத் தாள்ல சொட்டு விட்டுப் பார்த்தாச்சு, பழுப்பாப் பரவுது, கரி இல்லை. ஏ.டி.எஃப்தான்.

காலையில பார்த்தப்ப: பெல் ஹவுசிங் அடி காஞ்சு கிடக்கு. பின் சீல் பக்கம் காஞ்சிருக்கு. டிரைவர் பக்கம் கப்ளருக்குக் கீழ ஒரு கோடு மாதிரி ஈரம், அது பேன் விளிம்புல சேர்ந்து முன் மூலையில சொட்டா நிக்குது. முன்பக்கம் ரேடியேட்டருக்குப் போற ஹோஸ்ல, இரும்புக் குழாயோட சேர்ற இடத்துல, லேசா வியர்த்த மாதிரி இருக்கு. அது சொட்டுற அளவு இல்லைங்க.

டீசல்பித்தன்

நான்தான் சொன்னேனே! தொண்ணூறை நூறாக்கிக்கலாமா அண்ணே?

எழுபதுநியூட்டன்

ஆக்கிக்கொள்ளுங்கள். பெல் ஹவுசிங் காய்ந்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய செய்தி. ஆனால் ஒரே ராத்திரிச் சோதனையோடு பம்ப் சீலை முழுதாகத் தள்ளிவிட வேண்டாம், வாரக்கணக்கில் மெல்லக் கசிகிற சீலும் உண்டு. சந்தேகம் இருந்தால் ஏ.டி.எஃப்-க்கென்று வரும் யூ.வி சாயம் கொஞ்சம் ஊற்றி, கறுப்பு விளக்கு அடித்துப் பார்க்கலாம். இந்த வண்டிக்கு இப்போது அது தேவை என்று நான் நினைக்கவில்லை. கப்ளரை மாற்றிவிட்டு மறுபடி கழுவிப் பாருங்கள், அதுவே சோதனை.

கூலர் ஹோஸ் வியர்வையை லேசாக எடுக்க வேண்டாம். அந்த கிரிம்ப் ஒரு நாள் ஹைவேயில் விட்டுக்கொடுத்தால், சொட்டாக இல்லை, லிட்டர் கணக்கில் போகும். பெட்டி எண்ணெய் இல்லாமல் சில கிலோமீட்டர் ஓடினாலே போதும், அப்போது சர்வீஸ் சென்டர் எஸ்டிமேட் உண்மையாகிவிடும்.

ரேடியேட்டரையும் பார்த்துவிடுங்கள். ஏ.டி.எஃப் குளிர்வது அதே ரேடியேட்டரின் ஓரத் தொட்டிக்குள்தான். 211 வந்த புதிதில் பூட்டிய ரேடியேட்டர்கள் சிலவற்றில் உள்ளே விரிசல் விட்டுக் கூலண்ட் கியர்பாக்ஸுக்குள் போனது உண்டு. வெளியே ஒரு சொட்டும் தெரியாது. கூலண்டில் இருக்கும் கிளைகால் கொஞ்சம் கலந்தாலும் லாக்-அப் கிளட்ச் லைனிங் கெட்டுப்போய் அதிர்வு வரும். உங்களுடையது 2005, பிந்தியதுதான். ஆனாலும் ரேடியேட்டரில் இருக்கும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். நடுவில் யாராவது புதுப்பேட்டையில் வாங்கின பழைய ரேடியேட்டரைப் பூட்டியிருந்தால் வண்டியின் வருடம் உதவாது.

கொங்கு211

அதிர்வு எதுவும் இல்லைங்க. கூலண்ட் சுத்தமா இருக்கு. கப்ளர் வேலையை எப்படிச் செய்யறதுன்னு யாராச்சும் கொஞ்சம் விவரமாச் சொல்லுங்க. ஒர்க்‌ஷாப் ஃபிட்டர் தம்பி நல்ல கைக்காரர், ஆனா பென்ஸ் செஞ்சதில்லைங்க.

யாழ்கராஜ்

பெரிய வேலை இல்லை. சாமான் நம்பர் ஏ 203 540 02 53. இது பிறகு திருத்தி விட்ட புஷ், ஓ-ரிங் அதிலையே இருக்கும். தனிய ஓ-ரிங் மட்டும் வாங்கி மாத்திறவை இருக்கினம், நான் செய்யமாட்டன். பிளாஸ்டிக்கும் வயது போனதுதானே.

எப்பிடியும் பேனைக் கழட்டி ஒயிலும் ஃபில்டரும் மாத்தவேணும், ஆனபடியாலை முதல் ஒயிலை இறக்குங்கோ. பேனுக்கு ஆறு போல்ட், டோர்க்ஸ் டி30. பிறகு பிளக்கின்ரை வெளி வளையத்தை இடப்பக்கமாத் திருப்பினால் கழரும், இழுத்து எடுங்கோ. பிடிவாதமா இருந்தால் ஸ்க்ரூட்ரைவர் குத்தி நெம்ப வேண்டாம். உள்ளுக்கை ஒரு 7 மில்லிமீட்டர் போல்ட் புஷ்ஷைப் பிடிச்சுக்கொண்டு இருக்கும். அதைக் கழட்டிப் புஷ்ஷை நேரை வெளியாலை இழுங்கோ. மிச்சம் இருக்கிற ஒயில் கொஞ்சம் ஊத்தும், முகத்தை நேரை கீழை வைக்காதேங்கோ. புதுசுக்கு ஓ-ரிங்கிலை ஏ.டி.எஃப் தடவிப் பூட்டுங்கோ. அந்தச் சின்னப் போல்ட்டை மெல்லமா இறுக்கினால் போதும், அது பிளாஸ்டிக்கைப் பிடிக்கிற போல்ட். பேன் போல்ட்டுக்கு 8 நியூட்டன் மீட்டர். கை பலத்தைக் காட்டினால் பேன் விளிம்பு வளைஞ்சு புதுக் கசிவு வரும்.

வயர்ப் பக்கப் பிளக்கை கொண்டாக்ட் கிளீனர் அடிச்சுக் கழுவி, காத்தடிச்சுக் காய விடுங்கோ. மேலை கொம்பியூட்டர் பிளக்கும் அப்பிடித்தான். வயருக்குள்ளை ஏறின ஒயில் ஒருநாளிலை போகாது, கன மாதத்துக்குக் கொஞ்சங் கொஞ்சமா வந்துகொண்டிருக்கும். இடைக்கிடை திறந்து துடைக்கவேணும்.

எழுபதுநியூட்டன்

ஒரு கூடுதல்: பேன் இறங்கியதும் அதன் அடியையும் வெளியிலிருந்து பாருங்கள். நம் ஊர் வேகத்தடைகளில் உரசிய பேன் விளிம்பு வளைந்திருந்தால், எவ்வளவு நல்ல கேஸ்கெட் போட்டாலும் உட்காராது. பேனுக்குள் இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறச் சேறு மாதிரி கொஞ்சம் இருந்தால் இயல்பு. கையில் குத்துகிற இரும்புச் சில்லு இருந்தால் இங்கே படம் போடுங்கள்.

எண்ணெய் டப்பாவில் பென்ஸ் அங்கீகார எண் 236.14 என்று எழுதியிருக்க வேண்டும். தொடக்கத்தில் இந்தப் பெட்டிக்கு 236.10 சொன்னார்கள், பிறகு வந்தவை அதற்கு மாற்று. "எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும்" என்று விற்கிற டப்பாக்கள் வேண்டாம். "வாழ்நாள் நிரப்பு, மாற்றவே வேண்டாம்" என்று சொல்லி விற்ற பெட்டி இது. பின்னால் 60,000 கிலோமீட்டரில் ஒரு முறை மாற்றுங்கள் என்று அவர்களே சொன்னார்கள். யாருடைய வாழ்நாள் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

பேன் இறக்கினால் நாலு லிட்டர் அளவுதான் வரும், கன்வர்ட்டரில் மீதி நிற்கும். வந்ததை அளந்து அதே அளவு ஊற்றிவிட்டு, பிறகு மட்டம் பார்க்க வேண்டும்.

கொங்கு211

மட்டம் எப்படிங்க பார்க்கறது? டிப்ஸ்டிக்கே இல்லை. ட்யூப் வாயில மூடி போட்டு லாக் பண்ணியிருக்கு.

டீசல்பித்தன்

அது சர்வீஸ் சென்டருக்கு மட்டும்னு எழுதின மூடி. லாக் பின்னை உடைச்சுட்டுத்தான் திறக்கணும், புதுப் பின் தனியா கிடைக்கும். டிப்ஸ்டிக் வண்டியோட வராது, அது ஒரு டூல். வெளிச்சந்தையில நீளமா, வளையுற மாதிரி ஒண்ணு விக்கிறாங்க. அதை விட்டு பேன் அடியில முட்டுற வரைக்கும் இறக்கணும்.

எழுபதுநியூட்டன்

இந்த இடத்தில்தான் பலர் கெடுத்துவிடுகிறார்கள், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

அந்த டூலில் இரண்டு குறி வரும். ஒன்று 25 டிகிரிக்கு, இன்னொன்று 80 டிகிரிக்கு. 25 டிகிரிக் குறி, ஊற்றியதும் ஏறக்குறைய சரியா என்று பார்க்க. கடைசி முடிவு 80 டிகிரியில்தான். வண்டி சமதரையில், இன்ஜின் ஓடிக்கொண்டு, லீவர் பி-யில் (பார்க்). இன்ஜினை நிறுத்திப் பார்த்தால் மட்டம் உயரமாகக் காட்டும், குறைவான எண்ணெயை நிறைவு என்று நினைப்பீர்கள். குளிர்ந்த எண்ணெயை 80 டிகிரிக் குறி வரை நிரப்பினால் சூடானதும் பொங்கி, சுழலும் பாகங்கள் அதை அடித்து நுரையாக்கும். நுரைக்குப் பிரஷர் வராது. கூடவே பிரீத்தர் (காற்றுத் துளை) வழியாக வெளியே தள்ளும், மறுபடி "கசிவு" என்று இங்கே வந்து நிற்பீர்கள்.

இப்போது வேடிக்கை. 80 டிகிரியை எப்படித் தெரிந்துகொள்வது? ஸ்கேனரில் ஏ.டி.எஃப் வெப்பம் காட்டும். ஆனால் இந்தப் பெட்டியில் வெப்ப சென்சாரை, பி மற்றும் என் (நியூட்ரல்) தவிர மற்ற கியரில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கிற சுவிட்சோடு ஒரே வரிசையில் இணைத்திருக்கிறார்கள். ஆகவே பி-யிலும் என்-னிலும் உண்மையான எண்ணெய் வெப்பம் கம்ப்யூட்டருக்கே தெரியாது. அந்த நேரத்தில் இன்ஜின் கூலண்ட் வெப்பத்தை வைத்துக்கொண்டு காலம் தள்ளும். பிரேக்கை அழுத்திக்கொண்டு டி (டிரைவ்) அல்லது ஆர் (ரிவர்ஸ்) போட்டு, ஸ்கேனர் காட்டும் வெப்பத்தை வாசித்துவிட்டு, பி-க்கு வந்து உடனே டிப்ஸ்டிக் விடுங்கள். பி-யிலேயே வைத்து ஸ்கேனரில் 80 வந்துவிட்டது என்று அளக்கிறவர்கள் அளப்பது ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டை.

பழையதேபோதும்

இதை எந்த சர்வீஸ் சென்டரிலும் எனக்குச் சொன்னதில்லை. சுவிட்ச் விஷயம் உண்மையா என்று இப்போதே என் பக்கத்து வீட்டு 203-இல் பார்த்தேன். டி போட்டதும் எண் மாறுகிறது!

கொங்கு211

வேலை முடிஞ்சதுங்க. புஷ் சென்னையில ஜி.பி. ரோடு கடை ஒண்ணுல புதுசாவே கிடைச்சது, கூரியர்ல அனுப்பினாங்க. லட்சத்துல எஸ்டிமேட் போட்ட வேலைக்கு ஆயில், ஃபில்டர், கேஸ்கெட், புஷ், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரங்கள்லயே முடிஞ்சுது.

பழைய புஷ்ஷை இழுத்ததும் ஓ-ரிங் ஒண்ணு கையோட உடைஞ்சு வந்தது. ரப்பர்னு சொல்லவே முடியாது. கப்ளர் பின்கள்ல ஆயில் நின்னுட்டிருந்தது. கம்ப்யூட்டர் பக்கம் கழட்டிப் பார்த்தோம், அங்க ரெண்டு மூணு பின்ல மட்டும் பளபளன்னு ஈரம். யாழ்கராஜ் அண்ணன் சொல்லலைன்னா அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டோம். கோட் எதுவும் இன்னும் வரலைங்க. கிளீனர் அடிச்சுத் துடைச்சு வெச்சிருக்கோம்.

காந்தத்துல சாம்பல் சேறு, சில்லு இல்லை. பேன் விளிம்பு நேரா இருக்கு. 80 டிகிரியில பார்த்தப்ப, முதல்ல அளந்து ஊத்தினது பத்தலை, அரை லிட்டருக்கு மேலயே இன்னும் வாங்குச்சு. அத்தனை நாளா ஒழுகினது அவ்வளவு போல. காலையில ரிவர்ஸ் தயக்கமும் இப்ப இல்லைங்க.

கூலர் ஹோஸ் ரெண்டும் ஆர்டர் போட்டிருக்கு. ஊர்ல ஒருத்தர் பழைய கிரிம்பை அறுத்துட்டு ஹோஸ் கிளாம்ப் போட்டுத் தர்றேன்னாரு. செய்யலாமுங்களா?

யாழ்கராஜ்

வேண்டாம். சூடும் பிரஷரும் உள்ள லைன். கிளாம்ப் போட்டு ஓடுற வண்டிகளும் இருக்கு, ஆனால் நான் பூட்டி அனுப்பமாட்டன். ஹைட்ரோலிக் ஹோஸ் அடிக்கிற கடையிலை ஏ.டி.எஃப் தாங்கிற ஹோஸ் போட்டு மெஷினிலை கிரிம்ப் செய்து தருவினம், புதுச் சாமான் வர சுணங்கினால் அது பரவாயில்லை. பான்ஜோ வாஷர் ரெண்டு பக்கமும் புதுசு போடுங்கோ.

சும்மாஊத்து

ஹைட்ராலிக் ஹோஸ் கடைக்கு ஆட்டோ நகர் பக்கம் போனாலே போதும், ஜே.சி.பிக்கு அடிக்கிற அதே ஆளுங்கதான். என் ஸ்டாப் லீக் டப்பா மீதி இருக்கு, யாருக்காவது கரோலா இருந்தா சொல்லுங்க.

ரெக்ஸ்டன்காரன்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது ரெக்ஸ்டன் ஆர்.எக்ஸ் 7, ஆட்டோமேட்டிக். பென்ஸ் கியர்பாக்ஸ் என்று சொல்லித்தான் விற்றார்கள். எனக்கும் அதே இடத்தில் ஈரம். அதே புஷ் போடலாமா?

எழுபதுநியூட்டன்

பெட்டி அதே குடும்பம்தான். ரெக்ஸ்டன் மட்டுமில்லை, கிறைஸ்லர் 300, ஜீப் கிராண்ட் செரோக்கி எல்லாம் இதையே ஓட்டின. ஆனால் இந்த இழையில் வந்த நம்பரை அப்படியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள். உங்கள் சேசிஸ் நம்பரைக் கொடுத்துப் பார்ட்ஸ் கடையில் சரிபாருங்கள், பழைய புஷ்ஷைக் கையில் வைத்து ஒப்பிட்டுவிட்டு வாங்குங்கள். எண்ணெய்க்கு உங்கள் மேனுவலில் இருக்கும் எண்தான். உங்களுக்கு ஃபோர் வீல் டிரைவ் இருப்பதால் பெட்டிக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபர் கேஸ் தொங்குகிறது, அதற்குத் தனி எண்ணெய், தனி சீல். கப்ளரில் கை வைப்பதற்கு முன் அங்கிருந்து வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ரெக்ஸ்டன்காரன்

கவரைக் கழற்றிவிட்டேன். நாளைக்குக் கழுவிவிட்டுப் படம் போடுகிறேன்.